கொச்சியில் அச்சான கேள்வியும் பதிலும்

கொச்சி என்றதும் நமக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும்? சீனவலை, மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு, யூதர் தெரு, வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த தேவாலயம். இந்தப் பட்டியலில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை யாரும் சேர்ப்பதில்லை. 1579-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி, கொச்சியில் சேசு சபையார் நடத்திய 'மாத்ரே தெ தேவுஸ்' கல்லூரியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற புத்தகம் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குத் தெரிய வந்திருக்கும் புத்தகங்களில் இது இரண்டாவது. முதலாவது 'தம்பிரான் வணக்கம்'. அது ஒரு வருஷம் முன்னால், 1578 அக்டோபர் 20-ல், கொல்லத்தில் அச்சானது. தமிழ் அச்சின் முதல் இரண்டு புத்தகங்களுமே இன்றைய கேரளத்து மண்ணில்!

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பைபிளைத் தனியாகப் படிப்பதா, கூடி உட்கார்ந்து படிப்பதா? புரியாத மொழியில் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது சரியா? கேள்வி கேட்கும் பிள்ளையை என்ன செய்வது? இதெல்லாம் நாம் விமானம் ஏறிய பிறகு முளைத்த பிரச்சினைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை. 400 வருஷத்துக்கு மேல் பழசு. அதில் பெரும்பகுதி நடந்ததும் இந்தக் கொச்சி வட்டாரத்துத் தண்ணீரைச் சுற்றித்தான்.

முதலில் வல்லார்பாடத்திலிருந்து தொடங்குகிறேன். கொச்சிக் காயலுக்குள் இருக்கும் சின்னத் தீவு அது. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்த பிறகு எர்ணாகுளத்திலிருந்து காரிலேயே போய்விடலாம். 2011-லிருந்து பெரிய கண்டெய்னர் முனையமும் அங்கே இயங்குகிறது. என் மனைவி வீட்டார் குமரிக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய நேர்த்திக்கடன் ஒன்றுக்காக ஒரு விடுமுறையில் நாங்களும் கூடப் போனோம். வல்லார்பாடத்தம்மா என்று மலையாளிகள் அழைக்கும் மாதா கோயில். 1524-ல் போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்த படம் என்கிறார்கள். 1676-ல் வெள்ளம் வந்து பழைய கோயில் அழிந்தபோது தண்ணீரில் மிதந்த படத்தைக் கொச்சி அரசின் மந்திரியான பாலியத்து அச்சன் மீட்டெடுத்தார், புதுக் கோயிலுக்கு நிலமும் கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. 1752-ல் மீனாட்சியம்மா என்ற பெண்ணும் அவள் கைக்குழந்தையும் புயலில் படகு கவிழ்ந்து, மூன்று நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்களாம். அந்தத் தாயையும் பிள்ளையையும் பின்னாளில் மாதா படத்திலேயே சேர்த்து வரைந்தார்கள். 2004-ல் இது பசிலிக்கா ஆனது. வருகிறவர்கள் துடைப்பம் எடுத்துக் கோயில் முற்றத்தைக் கூட்டுவது அங்கே ஒரு நேர்ச்சை. நாங்களும் கூட்டினோம்.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கரையில் பல தலைமுறைகளுக்குச் சாதாரண ஜனங்களின் 'பைபிள்' என்பது ஒரு படம், ஒரு கதை, மனப்பாடமாகத் தெரிந்த சில ஜெபங்கள். அவ்வளவுதான். புத்தகம் என்பது அவர்கள் கைக்கு வரவே இல்லை.

என் வீட்டுக் கதை வேறு. அம்மாவைப் பெற்ற ஆச்சி பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. விடியற்காலம் 4 மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வேதாகமத்தைத் தனியாக வாசிப்பார். 1871-ல் பவர் ஐயர் குழு முடித்த அந்தப் பழைய மொழிபெயர்ப்புதான். கைக்குக் கை தேய்ந்துபோன கறுப்பு அட்டை. என் மனைவியின் பாட்டியிடம் பைபிளே கிடையாது. ஆனால் ஜெபமாலைத் தியானங்கள், பாடுகளின் வரலாறு, புனிதர் கதைகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தெருப் பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து சொல்வார்கள். ஒரே கடவுள், ஒருவருக்குத் தனிமையில் ஒரு புத்தகம், மற்றவருக்குக் கூட்டத்தில் ஒரு குரல். இந்தப் பிரிவு எங்கே தொடங்கியது?

இப்போது 1544-க்குப் போவோம். பிரான்சிஸ் சேவியர் (நம் சவேரியார்) 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. 1544 ஜனவரி 15-ல் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் தன் பாட்டை விவரிக்கிறார். அவர்கள் பேசுவது மலபார் மொழி (அப்போது ஐரோப்பியர்கள் தமிழை அப்படித்தான் சொன்னார்கள்), என் தாய்மொழியோ பாஸ்க், நான் சொல்வது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் சொல்வது எனக்குப் புரியாது என்கிறார். இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாவற்றையும் தமிழாக்கினார். அதைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, நாளுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவர் போன பிறகும் இது நடக்க வேண்டுமே, அதற்கு ஊருக்கு ஓர் ஆளை நியமித்தார். அவர்தான் கணக்கப்பிள்ளை.

கவனித்தீர்களா? மொழி தெரியாதவர் ஆசிரியர். பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இன்றைக்கு நம் வீடுகளில் நடப்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை :-)

அடுத்தது இன்னும் சுவாரசியம். 1554-ல் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. ஜெபங்களும் பிரமாணங்களும் தமிழில். ஆனால் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, போர்ச்சுக்கீசிய அர்த்தத்தோடு அச்சிட்டார்கள். அதைத் தயாரித்தவர்கள் விசெந்தே தெ நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ் என்று மூன்று பேர். பெயர்கள் ஞானஸ்நானப் பெயர்கள். ஆட்கள் நம் பக்கத்திலிருந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தவர்கள். ஆக, தமிழில் அச்சான முதல் புத்தகம் ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மூன்று பேர் கூடி உட்கார்ந்து செய்த வேலை. தமிழ் எழுத்து வராத பிள்ளைகளுக்கு இன்றைக்கு நாம் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த யோசனைக்கு 1554-லேயே முன்னோடி உண்டு.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது என்று ஒருவர் நினைத்தார். அவர் என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார். தமிழில் அண்டிறிக்கி அடிகளார். 1546-ல் இந்தியா வந்து, 1600-ல் புன்னைக்காயலில் இறக்கும் வரை ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் முத்துக்குளித்துறையிலேயே கழித்தவர். யூத வம்சாவளி என்பதால் போர்ச்சுக்கலில் வேறொரு சபை அவரை வெளியே அனுப்பியிருந்தது. மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பிரசங்கம் செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே தமிழ் கற்று, தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். கையெழுத்துப் படியாகவே லிஸ்பனில் கிடந்த அந்த இலக்கணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் நம் வி.எஸ். ராஜம் அம்மையார் (ஹார்வர்ட் வெளியீடு, 2013).

கொல்லத்துப் புத்தகமும் கொச்சிப் புத்தகமும் இந்த அண்டிறிக்கியாருடைய வேலை. கொல்லத்துப் புத்தகம் 16 பக்கம்தான். கொச்சிப் புத்தகம் அதைவிடப் பலமடங்கு பெரியது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேச நூலைத் தழுவியது. அமைப்பு எப்படி என்றால், ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார். புத்தகம் முழுக்க அப்படித்தான்.

ஏன் இந்த அமைப்பு? அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தை ஒரு தடவை பார்த்தால் புரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம் வித்தியாசமும் எழுத்தில் தெரியாது. கட்டுமரம் தள்ளிப் பிழைக்கிற மனிதர் அதைத் தனியாக எடுத்து வைத்துப் படிக்க முடியுமா? முடியாது. தெரிந்த ஒருவர் வாசிக்க வேண்டும், கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகம் கண்ணுக்காக அல்ல, காதுக்கும் வாய்க்குமாகச் செய்தது. அதனால்தான் அது எழுத்தறியாத ஊர்களிலும் வேலை செய்தது. குரு இல்லாத நாளில்கூட ஜனங்கள் தங்கள் ஜெபத்தை விடாமல் வைத்துக்கொண்டதற்கு இந்த மனப்பாடம் ஒரு முக்கியக் காரணம். 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள், சேசு சபைக் கல்லூரியின் காலமும் முடிந்தது. ஆனால் வாயில் இருந்ததை யாராலும் பிடுங்க முடியவில்லை.

இதில் ஒரு விலையும் இருந்தது. கேள்வியும் பதிலும் இரண்டுமே ஏற்கெனவே அச்சாகியிருந்தன. மாணவன் தன்னுடைய கேள்வியைக் கேட்க அந்தப் பக்கங்களில் இடமே இல்லை. பைபிள் முழுவதும் தமிழில் இல்லை. அதிலிருந்து பெரியவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான் கிடைத்தது.

அதே காலத்தில் அதே காயலைச் சுற்றி வேறு யார் எப்படிப் படித்தார்கள் என்று பார்ப்போம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அங்கே தோல் சுருளில் எழுதிய தோராவை வாரம் ஒரு பகுதியாக, ஒரு வருஷத்தில் முழுவதும் முடியும்படி, சபை நடுவே சத்தமாக வாசிப்பார்கள். மொழி ஹீப்ரு. வீட்டில் பேசுவதோ மலையாளம். சிரியன் கிறிஸ்தவர்களுக்குச் சிரியாக் மொழிப் பைபிள் இருந்தது. கத்தனார்கள் வாசிப்பார்கள், ஜனங்கள் கேட்பார்கள். 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் அந்தச் சிரியாக் புத்தகங்களிலேயே கைவைத்தது. பிழை என்று பட்டவற்றைத் திருத்து அல்லது எரி என்று உத்தரவு. சிரியாக் பைபிளில் இல்லாதிருந்த பகுதிகளைச் சேர்க்கவும் சொன்னார்கள். யார் எதைப் படிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆக மூன்று சமூகம், மூன்று வகைப் புத்தகம். தாய்மொழியில் முழு வேதத்தைத் தன் கையால் புரட்டியவர் மூன்றிலும் இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஆபிரகாம், யோசேப்பு என்று வேதக் கதைகளெல்லாம் அதில் வரும். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். சுருளை வாசித்தது ஆண்கள், கதையைத் தாய்மொழியில் காப்பாற்றியது பெண்கள். 1948-க்குப் பிறகு பெரும்பாலான கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நோட்டுகளும் கூடவே போயின. அங்கே வயதான பெண்கள் கூடி மலையாளத்தில் பாடியதைப் பதிவு செய்து, 2004-ல் குறுந்தகடாகவும் கொண்டுவந்தார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பெட்டியில் எதை எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இப்போது கிழக்குக் கரைக்கு வருவோம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், அடுத்த வருஷம் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சாயின. இந்திய மொழி ஒன்றில் வந்த முதல் புதிய ஏற்பாடு அது. காகிதத் தட்டுப்பாடு வந்ததால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டி, சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள்.

அந்தப் புத்தகம் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஓர் ஆளைச் சொல்கிறேன். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சின்ன அதிகாரியாக இருந்தவர் ராஜநாயக்கன். கத்தோலிக்கர். 1720-களில் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுக்கப் பாதிரியார் பக்கத்தில் இல்லை. தானே படித்தார். படித்ததை வைத்துத் தானே கேள்வி கேட்டார். கடைசியில் சபை மாறி, படையை விட்டு, தஞ்சைப் பகுதியில் உபதேசியாரானார். குடும்பமே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சரி, தவறு என்பது என் வேலையில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: 1579-ல் ஆசிரியர் வாயில் இருந்த கேள்வி, 1720-களில் வாசகர் வாய்க்கு வந்துவிட்டது. என் பாளையங்கோட்டை ஆச்சி விடியற்காலம் தனியாக உட்கார்ந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் 1840-களில் பைபிளைத் திருத்தமான தமிழில் மொழிபெயர்த்தபோது கூட இருந்து உழைத்தவர் யார்? சாட்சாத் ஆறுமுக நாவலர்! வருஷக்கணக்கில் வரிவரியாகப் பைபிளைப் படித்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் சென்னையில் அச்சானது. அதற்குள் நாவலர் 1847-ன் கடைசியில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848-ல் சைவப் பள்ளிக்கூடமும் வைத்துவிட்டார். பைபிளை ஆழ்ந்து படித்த அனுபவம் அவரை அவருடைய சைவத்துக்குள் இன்னும் ஆழமாக அனுப்பியது. உண்மையான வாசிப்புக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. முடிவை முன்கூட்டியே அச்சடித்துத் தர முடியாது.

கத்தோலிக்கர் பக்கத்தில் கதவு முழுசாகத் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1965 நவம்பர் 18-ல் வந்த இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம், விசுவாசிகள் எல்லாருக்கும் வேதநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றது. கொச்சி பாலாரிவட்டத்தில் இருக்கும் பி.ஓ.சி. மையத்திலிருந்து மலையாளத்தில் முழு பைபிள் 1981-ல் வந்தது. தமிழில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, 'திருவிவிலியம்', 1995-ல் வந்தது. என் மனைவியின் பாட்டி காலத்தில் இல்லாத புத்தகம் இன்றைக்கு என் மனைவியின் மேசையில் இருக்கிறது.

அதோடு தமிழ்நாட்டுப் பங்குகளில் 'அன்பியம்' வந்தது. இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி வாசிப்பது. பல இடங்களில் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படி முறையைப் பின்பற்றுகிறார்கள். முதலில் ஆண்டவரை அழைப்பது. இரண்டாவது, ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பது. மூன்றாவது, ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்து, இடைவெளி விட்டு மூன்று தடவை சொல்வது. நான்காவது, மௌனம். ஐந்தாவது, மனதில் பட்டதைப் பகிர்வது. ஆறாவது, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று பேசுவது. ஏழாவது, அவரவர் சொந்த வார்த்தையில் ஜெபம். பிரசங்கி கிடையாது. படிக்காத பெண்ணும் பேராசிரியரும் ஒரே வட்டத்தில்.

மூன்றாவது படியைப் பாருங்கள். திருப்பித் திருப்பிச் சொல்வது என்ற சவேரியார் காலத்துப் பழக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லைச் சொல்வது என்று தீர்மானிப்பது இப்போது ஆசிரியர் அல்ல, வட்டத்தில் இருப்பவர். 400 வருஷத்தில் நடந்த மாற்றம் முழுவதும் அந்த ஒரு படியில் அடங்கியிருக்கிறது.

இங்கே டொராண்டோப் பக்கம், எங்கள் வட்டத்தில் யாழ்ப்பாணம், தூத்துக்குடி, நாகர்கோவில், சென்னைக் குடும்பங்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை கூடுகிறோம். ஒருவர் 'ஜெபம்' என்பார், இன்னொருவர் 'செபம்' என்பார். ஒருவருக்கு வேதாகமம், இன்னொருவருக்கு விவிலியம். அதெல்லாம் சமாளித்துவிட்டோம். சிக்கல் பிள்ளைகள் விஷயத்தில்தான். எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு பக்கம். தமிழில் மட்டும்தான், புரியாவிட்டாலும் சொல்லிப் பழகட்டும் என்று இன்னொரு பக்கம். கடந்த குளிர்காலத்தில் இது முற்றி, இரண்டு குடும்பங்கள் வருவதையே நிறுத்திவிட்டன.

நான் வட்டத்தில் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வாசிப்பு தமிழில் இருக்கட்டும், கேள்வி எந்த மொழியிலும் இருக்கட்டும். சத்தமாக வாசித்துத் திரும்பச் சொன்னால் மொழி வாயில் தங்கும். கொச்சிப் புத்தகம் செய்து காட்டியது அதைத்தான். ஆனால் கேள்வியை நாமே எழுதி, பதிலையும் நாமே எழுதிக் கையில் கொடுத்தால், பதினாறு வயதில் அந்தப் பிள்ளை வட்டத்தை விட்டு எழுந்து போய்விடும். "இந்த மீனாட்சியம்மா இந்துப் பெயராச்சே, அவங்களை ஏன் மாதா காப்பாத்தினாங்க?" என்று வல்லார்பாடத்தில் என் மகள் பாதி ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்கு அச்சடித்த பதில் எந்த ஞானோபதேசத்திலும் கிடையாது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் அடுத்த கூட்டத்தில் நல்ல சமாரியன் கதையைத் தமிழில் வாசித்தோம். பதின்மூன்று பேர் இருந்தோம், பத்துப் பேர் பேசினார்கள், அதில் ஐந்து பேர் பிள்ளைகள்.

வருவதை நிறுத்திய குடும்பங்களில் ஒன்று இப்போது திரும்ப வருகிறது. இன்னொன்றுக்கு இன்னும் தொலைபேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் பிள்ளைகளோடு எப்படி வாசிக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.